ஒரே பெயர் கொண்ட இருவர்

அம்பத்தூர்ப் பக்கத்துப் பங்கு ஒன்று. பெயர் இங்கே வேண்டாம். தவக்காலத்தில் பாடுகளின் நாடகத்திற்காகப் போட்ட மேடைப் பலகைகளை, உயிர்ப்புப் பெருவிழா முடிந்து கோடை விடுமுறை வந்ததும் இளைஞர்கள் மீண்டும் வெளியே எடுத்தார்கள். மறைக்கல்வி விடுமுறை வகுப்புகள் நிறைவுறும் வாரத்தில் மூன்று இரவுகள் நாடகம் என்று முடிவு செய்திருந்தார்கள். முதல் இரவு ஊதாரி மைந்தன் உவமை. இரண்டாம் இரவு குடிப்பழக்கம் பற்றிய ஒரு நாடகம். இவ்விரண்டும் நமக்குப் பழகியவை. மூன்றாம் இரவுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது பம்மல் சம்பந்த முதலியாரின் "சபாபதி". அந்த மூன்றாம் இரவைப் பற்றியதே இக்கட்டுரை.

பங்கு நாடகத்தை விமர்சனம் செய்யலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளைகள் ஆசையாய்ச் செய்தார்கள், பாராட்டிவிட்டுப் போவதுதானே முறை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவருடைய உழைப்பைக் கருத்தோடு பார்த்துக் குறைநிறை சொல்வதும் மரியாதையின் ஒரு வகைதான். கைதட்டிவிட்டு மறந்துவிடுவதில்தான் அலட்சியம் இருக்கிறது.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில செய்திகள். பம்மல் சம்பந்த முதலியார் 1873-இல் பிறந்து 1964-இல் மறைந்தவர். வழக்கறிஞர், பின்னர் நீதிபதி. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கூத்தாடிகள் என்று நாடகக்காரரை இழிவாகப் பேசிய காலத்தில், படித்தவர்களும் அலுவலகங்களில் பணிபுரிந்தவர்களும் வேடமிட்டு மேடையேறலாம் என்று நிறுவிக் காட்டியவர். பாட்டே நாடகமாக இருந்த மேடையில் உரைநடை வசனத்துக்கு இடம் வாங்கித் தந்தவர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை "அமலாதித்யன்" என்றும், வெனிஸ் வணிகனை "வாணிபுர வணிகன்" என்றும் தமிழாக்கினார். பிரெஞ்சு நகைச்சுவை மேதை மோலியேரின் நாடகமொன்றைத் தழுவிக் "காளப்பன் கள்ளத்தனம்" எழுதினார். 1959-இல் பத்மபூஷண் விருது பெற்றார். இத்தனைக்கும் மேலாக, சாதாரணத் தமிழர் மனத்தில் அவரை நிறுத்தியிருப்பது "மனோகரா"வும் "சபாபதி"யும்தான். அவையும் திரைப்படங்களாகத்தான் நினைவில் நிற்கின்றன. மேடையில் அவற்றைக் கண்டவர் இன்று எத்தனை பேர்?

இந்தக் கேள்வி என்னை நெடுநாளாக உறுத்தி வந்திருக்கிறது. சென்னையில் கோடை என்றால் நாடகம் உண்டு. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் முப்பதாண்டுகளுக்கும் மேலாக ஏப்ரல், மே மாதங்களில் கோடை நாடக விழா நடத்தி வருகிறது. ஆழ்வார்ப்பேட்டை நாரத கான சபாவில் அவ்விழா நாடகங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆவடியிலிருந்து மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் நெரிந்து போய்ச் சேர்ந்து, நாடகம் முடிந்ததும் கடைசி வண்டி கிடைக்குமோ என்ற கவலையோடு ஓடி வந்த அனுபவம் நம் பகுதியினர் பலருக்கும் இருக்கும். அந்த விழாவின் சிறப்பு, அங்கே புதிய நாடகங்கள் அரங்கேறுகின்றன என்பது. புதிதாக எழுதுபவருக்கு அது பெரும் துணை. இல்லாவிட்டால் சபா நாடகம் எப்போதோ வறண்டு போயிருக்கும். ஆனால் அதே காரணத்தால் பழைய செல்வங்களுக்கு அங்கே வழியில்லை. இசைக்கு மார்கழி இருக்கிறது. அங்கே முந்நூறு ஆண்டுப் பழைய கீர்த்தனையை ஆண்டுதோறும் புதிதாய்ப் பாடுகிறார்கள், கேட்பவரும் போன ஆண்டு பாடியதோடு ஒப்பிட்டு மகிழ்கிறார்கள். நாடகத்தில் மட்டும் பழையது என்றால் ஆறிப்போன சோறு என்று எண்ணிவிட்டோம். ஒரு நாடகம் செவ்வியல் தன்மை பெறுவது அச்சில் ஏறிவிட்டதால் மட்டுமல்ல. ஒவ்வொரு தலைமுறை நடிகரும் அதைத் தம் உடம்பில் வாங்கித் திருப்பித் தரும்போதுதான். பிரான்சில் 1947-இல் ழான் விலார் தொடங்கிய அவிஞ்ஞோன் நாடக விழா, பதினான்காம் நூற்றாண்டில் திருத்தந்தையர் வாழ்ந்த மாளிகையின் முற்றத்தில் கோடைதோறும் நடக்கிறது. திறந்த வானத்தின் கீழ் அங்கே பழைய நாடகங்களுக்குப் புதிய உயிர் வருகிறது. நமக்குத் திருத்தந்தையர் மாளிகை வேண்டாம். கோவில் வளாகத்து வேப்பமரத்தடி போதும். ஆகவே சபா செய்யாத வேலையை ஒரு புறநகர்ப் பங்கின் இளைஞர்கள் செய்யத் துணிந்தார்கள் என்பதே எனக்கு முதல் மகிழ்ச்சி.

இனி நாடகத்துக்கு வருவோம். சபாபதி முதலியார் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. அறிவு மந்தம். அவருடைய வேலைக்காரன் அவரைக் காட்டிலும் மந்தம். அவன் பெயரும் சபாபதி. கதை இவ்வளவுதான், மற்றவையெல்லாம் இந்த இருவருக்கிடையே நடக்கும் பேச்சும் குழப்பமுமே. ஒற்றைத் தொடர் போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டைக் கொண்டு முதலியார் "பொங்கல் பண்டிகை", "ஓர் ஒத்திகை" என்று பல பாகங்கள் எழுதிச் சென்றிருக்கிறார் என்றால், அந்த ஏற்பாட்டுக்குள் எவ்வளவு சரக்கு இருந்திருக்க வேண்டும்!

அந்தச் சரக்கின் பாதி, பெயரில் இருக்கிறது. நம் வீடுகளின் பழைய வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். எசமானின் பெயரைக் கொண்ட ஒருவன் வேலைக்கு வந்தால், முதல் நாளே அவனுக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாத நாட்டில், எசமானின் பெயரைச் சொல்லி "டேய்" என்று ஒருவனை அழைக்க முடியுமா? சம்பந்த முதலியார் வேண்டுமென்றே அந்த வழக்கத்தை மீறுகிறார். எசமான் தன் வேலைக்காரனைத் திட்டும் ஒவ்வொரு முறையும் தன் பெயரைத்தானே திட்டிக்கொள்கிறார். "மடையா சபாபதி" என்று வாயெடுத்தால் அது எவரைச் சேரும்? பார்ப்பவர் முதலில் வேலைக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறார்; இரண்டாம் முறை எசமானைப் பார்த்துச் சிரிக்கிறார்; மூன்றாம் முறை, இருவருக்கும் உள்ள வேறுபாடு சொத்து ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு நீதிபதி எழுதிய நாடகம் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

மற்றப் பாதி, கீழ்ப்படிதலில் இருக்கிறது. மேலைநாட்டு நகைச்சுவை மரபில் வேலைக்காரன் பெரும்பாலும் எசமானைக் காட்டிலும் கெட்டிக்காரன். மோலியேரின் ஸ்காபேன் அப்படிப்பட்டவன். அவனைத்தான் முதலியார் காளப்பனாக்கினார். அந்த வார்ப்பு எழுதியவருக்கு நன்கு தெரிந்தே இருந்தது. இருந்தும் "சபாபதி"யில் அதை எடுத்தாளவில்லை. இந்த வேலைக்காரன் எவரையும் ஏய்க்கமாட்டான், எதையும் திருடமாட்டான், எதிர்த்துப் பேசமாட்டான். சொன்னதைச் செய்வான். சொன்னதை மட்டுமே செய்வான். சொல்லப்பட்ட எழுத்தை நூல் பிசகாமல் நிறைவேற்றி, சொன்னவரின் கருத்தைக் கவிழ்த்துவிடுவான். அவனிடம் கோபித்துக்கொள்ள இடமே இல்லை. ஏனென்றால் பிழை கட்டளையில் இருக்கிறது.

இவ்வகை நகைப்பு தமிழுக்குப் புதிதன்று. கத்தோலிக்கராகிய நாம் இங்கே பெருமையோடு ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம். சபாபதிக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே வீரமாமுனிவர் "பரமார்த்த குருவின் கதை"யில் இதே ஊற்றைத் தோண்டியிருக்கிறார். குரு குதிரையில் போகும்போது தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் நடக்கிறார்கள். விழுந்ததையெல்லாம் எடுக்க வேண்டும் என்கிறார் குரு. குதிரை போட்ட சாணத்தைத் தலைப்பாகையில் ஏந்தி வருகிறார்கள். கடைசியில் எதையெதை எடுக்கலாம் என்று ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார். பிறகு குருவே பள்ளத்தில் விழுகிறார். பட்டியலில் உள்ள துணிமணிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு அவரை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அவர் பெயர் ஓலையில் இல்லையே! பள்ளத்தில் கிடந்தபடியே குரு தம்மையும் பட்டியலில் எழுதிச் சேர்த்த பிறகுதான் தூக்கி விடுகிறார்கள். கீழ்ப்படிதலை வார்த்தைப்பாடாகக் கொடுத்த ஒரு துறவி, கண்மூடித்தனமான கீழ்ப்படிதலை இப்படிக் கேலி செய்திருக்கிறார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் இனிக்கிறது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆவியைக் கைவிடுவதைப் பற்றித் தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை முனிவர் அறியாதவரா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற அந்த ஐவருக்கும் ஆறாவது தம்பி நம் வேலைக்காரச் சபாபதி.

இந்தப் பின்னணியில் அன்றைய மேடையேற்றத்தைப் பார்க்கிறேன். எசமான் சபாபதியாக நடித்த இளைஞர் மிக நன்றாகச் செய்தார். 1941-இல் ஏவி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கிய படத்தில் டி. ஆர். ராமச்சந்திரன் விழிகளை உருட்டி நடித்த நடிப்பு அத்தனை புகழ் பெற்றது. அதற்குப் பிறகு இந்த வேடத்தை எடுப்பவர் எவரும் அந்தக் கண்களைக் கடன் வாங்காமல் இருப்பது அரிது. இவர் கடன் வாங்கவில்லை. அமைதியாக, தன்னை அறிவாளி என்றே உறுதியாக நம்பும் ஒருவராக நடித்தார். மந்த புத்தி உடையவர் தம்மை மந்தர் என்று நினைப்பதில்லையே. அந்த நம்பிக்கைதான் சிரிப்பைத் தந்தது.

குறை, வேலைக்காரனிடம் இருந்தது. நடித்தவரைச் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லித் தரப்பட்டதைச் சொல்கிறேன். முகத்தில் கரி பூசியிருந்தார்கள். ஒரு காலை இழுத்து நடக்கச் சொல்லியிருந்தார்கள். திக்கித் திக்கிப் பேசவும் வைத்திருந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட அந்தப் பாத்திரத்துக்குத் தேவையில்லை. சிரிப்பு வராது என்ற அச்சத்தில் சேர்த்த வாசனைப் பொடிகள் இவை. விளைவு என்ன? முன்வரிசை நாற்காலிகளிலிருந்து சிரிப்பு எழுந்தது. ஆனால் அது கட்டளையின் பிழையைக் கண்டு வந்த சிரிப்பன்று, கறுத்த முகத்தையும் ஊனத்தையும் கண்டு வந்த சிரிப்பு. பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து ஓசையே இல்லை. அவர்களில் பாதிப் பேர், காலையில் அண்ணா நகருக்கும் முகப்பேருக்கும் போய் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருபவர்கள். வீட்டுப் பணியாளரின் மாண்புக்காகவே அருட்சகோதரி ஜீன் தேவோஸ் 1985-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியதைப் பற்றி நாம் ஆலயங்களில் பேசுகிறோம். அதே ஆலய வளாகத்தில் அவர்களை உட்கார வைத்துக்கொண்டு கரி பூசுகிறோம். அந்த அரைமணி நேரம் எனக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அங்கே நின்றதால்தான் அடுத்து நடந்ததைக் காண முடிந்தது. இளைஞர்கள் தாங்களாகவே ஒரு சிறு காட்சியைச் சேர்த்திருந்தார்கள். தெருவில் தண்ணீர் லாரி வரப்போகிறது. தூங்கப்போகும் எசமான், "லாரி வரும், குடங்களைக் கொண்டுபோய் வரிசையில் வை" என்று ஆணையிடுகிறார். வேலைக்காரன் வைக்கிறான். லாரி வருகிறது, தெருவே பிடித்துக்கொண்டு போகிறது, லாரி போய்விடுகிறது. எசமான் எழுந்து வந்து பார்த்தால் எட்டு வெற்றுக் குடங்கள் அணிவகுத்து நிற்கின்றன. "தண்ணீர் எங்கேடா?" "வரிசையில் வைக்கத்தானே சொன்னீர்கள்? ஒரு குடம் கோணவில்லை, பாருங்கள்." இந்தக் காட்சியில் நடிகர் திக்கவும் இல்லை, காலை இழுக்கவும் இல்லை. ஒத்திகைக்கு நேரமில்லாமல் கடைசியில் சேர்த்தது என்று பிறகு சொன்னார்கள்; அதனால் அந்தச் சேட்டைகளைச் சொல்லித் தர ஆள் இல்லை போலும்! பாயில் இருந்த பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நாடகம் முடிந்து போகும்போது அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டம்மாவும் இப்படித்தான் சார். பாதியைச் சொல்லுவாங்க, பாதியை மனசுலயே வச்சுக்குவாங்க. அப்புறம் நமக்குப் புத்தியில்லைம்பாங்க."

சபாபதியைப் பற்றி நான் படித்த எந்தத் திறனாய்விலும் இவ்வளவு துல்லியமான வாக்கியத்தைப் பார்த்ததில்லை. பாதி சொல்லி, பாதி மனத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை எசமானுக்கு உண்டு. சொல்லப்படாததையும் புரிந்துகொள்ளும் கடமை வேலைக்காரருக்கு உண்டு. இந்த எழுதப்படாத ஒப்பந்தத்தைத்தான் நாடகம் உடைக்கிறது. உடைக்கிறது என்று தெரியாமலே உடைப்பவனாக வேலைக்காரன் நடிக்கப்பட வேண்டும். முகத்தில் ஒரு சுருக்கமும் கூடாது. படத்தில் காளி என். ரத்தினம் அந்த வேடத்தை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனதற்குக் காரணம், தாம் செய்வது முற்றிலும் சரி என்ற நேர்மை அவர் முகத்தில் இருந்ததே.

நாடகத்தை எதிர்த்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. திருப்பலி நடக்கும் இடத்தில் கோமாளிக் கூத்தா என்று மூத்தவர் ஒருவர் பங்குப் பேரவையில் கேட்டாராம். ஊதாரி மைந்தனில் நீதி இருக்கிறது, குடிப்பழக்க நாடகத்தில் பயன் இருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. கேலிக்குரிய கேள்வியன்று. திருச்சபைக்கும் மேடைக்கும் இடையே கசப்பான வரலாறு உண்டு. போலிப் பக்தனைத் தோலுரித்த மோலியேரின் "தார்த்துய்ஃப்" 1664-இல் முதன்முதலாக ஆடப்பட்டதும் தடை செய்யப்பட்டது. 1667-இல் அதை நடிப்பவரையும் பார்ப்பவரையும் கேட்பவரையும் திருச்சபையிலிருந்து விலக்குவதாகப் பாரிஸ் பேராயர் அறிவித்தார். 1669-இல்தான் விடுதலை கிடைத்தது. 1673-இல் நோயாளி வேடத்தில் நடித்த இரவே மோலியேர் இறந்தபோது, நடிகர் என்பதால் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டு, மன்னர் தலையிட்ட பிறகு இரவு நேரத்தில் புதைக்கப்பட்டார். இயேசு சபையாரின் பள்ளியில் பயின்றவருக்கு நேர்ந்த கதி இது.

ஆனால் அதே திருச்சபையில் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தூய தாமஸ் அக்குவினாஸ் வேறு விதமாக எழுதியிருக்கிறார். இறையியல் சுருக்க நூலின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பிரிவில் 168-ஆம் கேள்வியைப் புரட்டுபவர்கள் வியப்படைவார்கள். விளையாட்டிலும் நற்பண்பு உண்டு என்கிறார். மக்களுக்கு மனமகிழ்ச்சி தரும் நடிகரின் தொழில் தன்னளவில் குற்றமன்று என்கிறார். அதற்கும் மேலே சென்று, தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பையும் கெடுப்பவரிடம் குறை இருக்கிறது என்கிறார். ஊசியின் காதில் நுழையப் பார்க்கும் ஒட்டகத்தையும், கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குபவரையும் மக்கள் கூட்டத்தின் முன் நிறுத்திக் காட்டிய நம் ஆண்டவரைக் கேட்டவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டா கேட்டிருப்பார்கள்? இளமையில் போலந்தில் நாசி ஆட்சிக்குத் தெரியாமல் மறைவிடங்களில் நாடகம் நடித்தவர் பின்னாளில் இரண்டாம் யோவான் பவுல் என்ற திருத்தந்தையானார். ஆகவே அந்த மூத்தவரிடம் நான் சொல்வேன்: ஐயா, நீங்கள் தேடும் நீதி இந்த நாடகத்தில் இருக்கிறது, அதைக் கரி பூசி மறைத்துவிட்டோம். குறை நகைச்சுவையில் இல்லை, யாரைப் பார்த்து நகைக்கிறோம் என்று நாம் யோசிக்காததில் இருக்கிறது.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றார்கள். இங்கே பெண்களே நடித்தது நல்ல மாற்றம், ஆனால் அவர்களுக்கு வசனம் போதவில்லை. ஒலிபெருக்கி அடிக்கடி கத்தியது. இடையில் திரைப்படப் பாட்டுக்கு ஆடியது தேவையற்றது. முதலியாரின் வடசொல் மிகுந்த வசனத்தை இன்றைய செவிக்கு ஏற்பத் திருத்தியவர் கைதேர்ந்தவர். வாக்கியங்களைக் குறைத்தாரே தவிர அவற்றின் கெத்தான அலங்காரத்தைக் கெடுக்கவில்லை. தன் அறியாமையை அழகிய சொற்களால் மூடிக்கொள்ளும் எசமானுக்கு அந்த அலங்காரம் வேண்டும்.

பிற பங்குகளின் இளைஞர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. ஆசிரியர் மறைந்து அறுபதாண்டுகள் நிறைந்துவிட்டதால், இந்நாடகங்களை இன்று எவரும் உரிமைத் தொகை எதுவும் கட்டாமல் மேடையேற்றலாம். அரங்க அமைப்பும் எளிது. ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு கதவு போதும். ஆவடியிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் முறைப்பணி பார்க்கும் பிள்ளைகளுக்கு எல்லாரும் ஒன்றாகச் சேர்வதுதான் கடினம். பெரும்பாலான காட்சிகளில் இருவர் மட்டுமே பேசுகிற நாடகம் அதற்கும் வசதியானது.

நாடகம் முடிந்த மறு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் இளைஞர்கள் என்னிடம் வந்து எப்படி இருந்தது என்று கேட்டார்கள். மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். கரியைப் பற்றிச் சொன்னபோது இயக்கியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, வேலைக்காரனாக நடித்தவரின் தாயும் அன்று பின்னால் பாயில்தான் உட்கார்ந்திருந்தார் என்றார். அடுத்த கோடைக்கு "ஓர் ஒத்திகை"யைப் படித்து வருகிறார்களாம். தண்ணீர் லாரிக் காட்சியை அதில் எங்கே நுழைப்பது என்றுதான் இப்போது வாதம் நடக்கிறது.